மலையகத்தில் மீன் குளம்: மாறிப்போன மழைக்கும் குளிருக்கும் தாங்கும்படி அமைப்பது எப்படி

மலையகத்தில் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் அநேகமாகக் குஞ்சிலிருந்துதான் தொடங்குகிறார்கள். யாரோ தம்புள்ளையிலிருந்து குஞ்சு கொண்டுவந்து தருவதாகச் சொல்வார். உடனே லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டுவார்கள், மலை ஊற்றிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரைத் திருப்பி விடுவார்கள், அடுத்த கிழமை குஞ்சு இறங்கிவிடும். பாதிக் குஞ்சு முதல் மூன்று நாளில் செத்துப்போகும். மிச்சத்தை ஒரு அடைமழையோ ஒரு வறட்சியோ கொண்டுபோய்விடும்.

இங்கே பிழை வரிசையில்தான். தண்ணீர் முதலில், இடம் இரண்டாவது, குளம் மூன்றாவது, மீன் கடைசி. முன்பெல்லாம் மழை ஓரளவு சொன்ன நேரத்துக்கு வந்ததால் வரிசை தவறினாலும் சமாளிக்க முடிந்தது. இப்போது பீலி வற்றினால் வாரக்கணக்கில் வற்றிக் கிடக்கிறது. மழை வந்தால் ஒரு மாதத்து மழை இரண்டு நாளில் கொட்டுகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதனால் வருடத்தின் மிக மோசமான மாதத்தை மனதில் வைத்தே குளத்தை அமைக்க வேண்டும்.

10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலமுள்ள ஒரு குளத்தை வைத்தே கணக்குகளைச் சொல்கிறேன். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பார்த்துக்கொள்ள அந்த அளவு போதும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. தோட்டக் காணி என்றால் முகாமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி வெட்டிய குளத்தை, துரை மாறியதும் மூடச் சொன்னால் கேட்க நாதியிருக்காது. அதே பீலியில் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் எடுக்கிற வீடுகளின் சம்மதமும் வேண்டும். குடிதண்ணீரில் கைவைத்த குளம் நிலைக்காது.

பொருட்கள் அதிகமில்லை. தண்ணீரில் விடும் வெப்பமானி, 10 லீற்றர் வாளி, தண்ணீரின் புளிப்பை, அதாவது பி.எச். பார்க்கும் தாள், நேரான பக்கமுள்ள போத்தலில் செய்த மழைமானி, ஒரு கொப்பி. வெட்டும்போது மண்வெட்டியும் அலவாங்கும் எப்படியும் வரும். கொப்பியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எழுதி வைக்காவிட்டால் போன பங்குனியில் பீலி எத்தனை நாள் வற்றியது என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு கணக்குச் சொல்வார்கள்.

2. தண்ணீரை அளந்து எழுதுங்கள்

வாளியைப் பீலிக்குக் கீழே வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். மழைக்காலத்தில் அளப்பதில் பயனில்லை. காய்ந்த மாதத்தில்தான் அளக்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் தை முதல் பங்குனி வரை காயும். பதுளை, பண்டாரவளை, வெலிமடை பக்கம் ஆனி முதல் புரட்டாதி வரை காயும்.

எவ்வளவு தண்ணீர் போதும்? ஆவியாதலும் கசிவும் சேர்ந்து நாளுக்கு 1 சென்ரிமீற்றர் இறங்கும் என்று வைத்தால், நம் குளத்தில் 500 லீற்றர் குறையும். நிமிடத்துக்கு 1 லீற்றர் விழுகிற பீலி நாளுக்கு 1,440 லீற்றர் தரும். வீடுகள் எடுத்தது போக அதில் பாதி குளத்துக்கு வந்தாலே இழப்பை ஈடுகட்டலாம். அதுவும் கிடைக்காது என்றால் குளத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது தண்ணீர் உள்ள ஆறேழு மாதம் மட்டும் மீன் வளர்க்கத் திட்டமிடுங்கள். இரண்டும் தோல்வி இல்லை.

கூடவே தண்ணீரின் வெப்பநிலையைக் காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் எழுதுங்கள். எந்த மீன் என்பதை இந்த இரண்டு எண்கள்தான் தீர்மானிக்கும். ஒரு வருடம் எழுதினால் நல்லது. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் காய்ந்த மாதத்தில் இரண்டு கிழமை, குளிர் மாதத்தில் இரண்டு கிழமையாவது எழுதுங்கள்.

3. இடம்: வீடுகளுக்கு மேலே வேண்டாம்

இதில் விட்டுக்கொடுப்பதற்கே இடமில்லை. நம் குளத்தில் 30, 40 தொன் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அது சரிவின் மேல் நின்று மண்ணுக்குள் கசிந்தால், ஏற்கெனவே மழையில் ஊறிய மலை இன்னும் பாரமாகும், வழுக்கும். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்ததை நாம் மறக்கக்கூடாது. லயத்துக்கு மேலே, பாதைக்கு மேலே, பழைய சரிவு விழுந்த இடத்தில் குளம் வெட்டாதீர்கள்.

நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று புதிதாக ஊறும் ஊற்று ஆகியவை இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் பிரதேச செயலகம் வழியாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தைக் கேளுங்கள். மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

ஆற்றோரமும் ஆகாது. பெருக்கெடுத்தால் குளம் ஆற்றோடு போய்விடும். வீடுகளுக்குக் கீழே, ஆற்றுக்கு எட்டாத மேட்டில், காலை வெயில் விழுகிற தட்டையான இடம் கிடைத்தால் அதுதான் சரியானது. குளிர் ஊரில் வெயில் முக்கியம். மரத்தடியில் வெட்டிய குளம் மத்தியானம்கூடச் சூடேறாது, சருகும் விழுந்து அழுகும். இடம் முடிவானதும் வேலிக்கும் கணக்குப் போட்டு வையுங்கள். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது வேலி இல்லாத குளம் வேண்டவே வேண்டாம்.

4. குளம் வெட்டுதல்: கானும் வழிவாயும் முதலில்

குழியைத் தொடும் முன், மேலிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீரைத் திருப்பிவிட மேட்டுப் பக்கம் கான் வெட்டுங்கள். ஏன் என்பதைக் கணக்கே சொல்லும். குளத்தில் நேராக 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் மட்டம் 10 சென்ரிமீற்றர்தான் ஏறும். ஆனால் மேலே 500 சதுர மீற்றர் சரிவு குளத்தைப் பார்த்து இருந்து, அதில் விழுகிற மழையில் பாதி ஓடிவந்தால் 25,000 லீற்றர். மட்டம் அரை மீற்றர் ஏறிவிடும். அணைக்கட்டு உடைவது பெரும்பாலும் இப்படித்தான். தேயிலை மலையில் கான் வெட்டத் தெரிந்தவர்கள் நம்மிடையே ஏராளம். அந்தக் கைவேலை இங்கே அப்படியே உதவும்.

குளத்தின் ஒரு பக்கம் 80 சென்ரிமீற்றர், மறுபக்கம் 1.5 மீற்றர் ஆழம். ஆழம் குறைந்த பக்கம் வெயிலில் சீக்கிரம் சூடாகும். குளிர் இரவிலும் வறட்சியிலும் மீன் ஆழப் பக்கம் ஒதுங்கும். கட்டின் உள்பக்கத்தைச் செங்குத்தாக விடாமல் நன்றாகச் சரித்துக் கட்டுங்கள். மண்ணை ஒரு சாண் போட்டு இடித்து, அடுத்த சாண் போடுங்கள். மொத்தமாகக் குவித்து மேலே மட்டும் மிதித்தால் உள்ளே பொள்ளலாக இருக்கும். மேற்பரப்பில் புல்லைக் கட்டியாகப் பெயர்த்துப் பதியுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேல் அரை மீற்றர் கட்டு நிற்க வேண்டும்.

வெளியேற வழி இரண்டு வேண்டும். ஒன்று, குளத்துக்குள் நிமிர்ந்து நிற்கிற 4 அங்குலப் பைப். மற்றொன்று, பைப் அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக, கெட்டியான இயற்கை மண்ணில் 1 மீற்றர் அகலத்தில் புல் பதித்த வழிவாய். பைப்பின் வாயில் வலையை இறுக்கிக் கட்டுவதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற பிழை. நிழல்மரத்துச் சருகு ஒரு கைப்பிடி வந்து ஒட்டினால் போதும், பைப் அடைத்துவிடும்; விடியும்போது கட்டு இருக்காது. பைப்பைச் சுற்றி இரண்டடி அகலத்தில் வலைக்கூடு அமைத்துவிட்டால், சருகு கூட்டில் பரவி ஒட்டும், தண்ணீர் இடைவெளியில் போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொரு சின்ன வேலை. நிமிர்ந்து நிற்கிற பைப்புக்கு வெளியே, கொஞ்சம் பெரிய பைப் ஒன்றை உறைபோல் மாட்டுங்கள். அதன் மேல்வாய் தண்ணீருக்கு மேலே நிற்கட்டும், அடியில் மட்டும் பல்பல்லாக வெட்டி விடுங்கள். அப்போது மிதமிஞ்சிய தண்ணீர் குளத்தின் அடியிலிருந்து வெளியேறும். அடித்தண்ணீர் குளிர்ந்தது, ஒட்சிசன் குறைந்தது. அது போய், வெயிலில் சூடான மேல்தண்ணீர் தங்கும்.

5. டொலமைட் போட்ட பிறகே தண்ணீர்

தேயிலை மண் புளிப்பு மண்; பி.எச். பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை. அப்படியே தண்ணீர் விட்டால் மீன் வளராது, பாசி வளர்ந்து தண்ணீர் பச்சையும் பிடிக்காது. மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தோட்டத்தில் போடுகிற அதே டொலமைட் கல்தூளைச் சதுர மீற்றருக்கு 200 கிராம், நம் குளத்துக்கு 10 கிலோ, அடியிலும் உள்சரிவிலும் தூவிக் கிளறுங்கள். ஒரு கிழமை விட்டு மெதுவாக நிரப்புங்கள். நீற்றிய சுண்ணாம்பு வேண்டாம், அது பி.எச்.ஐ ஒரேயடியாக ஏற்றிவிடும்.

மலைத்தண்ணீர் மென்மையானது, புளிப்பைத் தாங்கும் சக்தி குறைவு. ஒரு பெருமழைக்குப் பின் பி.எச். சட்டென்று இறங்குவது அதனால்தான். இரண்டு கிலோ டொலமைட்டைச் சாக்கில் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் போட்டு வைத்தால், அது கரைந்து அந்த ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும்.

தண்ணீர் இளம்பச்சையானதும் கையை விட்டுப் பாருங்கள். முழங்கை வரை போகும்போது உள்ளங்கை மறைந்தால் அளவு சரி. மணிக்கட்டிலேயே மறைந்தால் பச்சை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். குளத்துக்கு எருப் போட்டுவந்தால் அதை நிறுத்துங்கள்.

6. எந்த மீன்: கொப்பியைக் கேளுங்கள்

ஜப்பான் மீன் என்று நாம் சொல்கிற திலாப்பியாவுக்கு 26 முதல் 30 பாகை வரை பிடிக்கும். 20 பாகைக்குக் கீழே தீனி குறையும், 16இல் ஏறக்குறைய நின்றுவிடும், 10 முதல் 12 பாகைக்கு இறங்கினால் சாகும். பதுளை, கம்பளை, மாத்தளை போன்ற தாழ்ந்த பக்கங்களுக்கு அது பொருந்தும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தை மாதத்து உறைபனியில் திலாப்பியா விடுவது குஞ்சைக் கொல்வதுதான்.

சாதாக் கெண்டை குளிரைத் தாங்கும். 20 முதல் 28 பாகை வரை நன்றாக வளரும், அதற்குக் கீழே மெதுவாக வளரும், ஆனால் சாகாது. ஹட்டனுக்கு மேலே இருப்பவர்கள் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் முடிவு. ஒரு குறை உண்டு: அடியைக் கிளறும், கட்டைத் தோண்டும். உள்சரிவில் கல் பதித்தால் தீரும்.

டிரவுட் மீனை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம் என்பேன். அதற்கு இடைவிடாமல் ஓடும் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 20 பாகையைத் தாண்டினால் தவிக்கும். வெயில் வருடாவருடம் கூடுகிற காலத்தில் அதில் பணம் போடுவது ஆபத்து.

7. எப்போது, எத்தனை

ஹட்டன், தலவாக்கலை இருக்கும் மேற்குச் சரிவில் பங்குனிக் கடைசி, சித்திரையில் முதல் மழை விழுந்து பீலி திரும்பிய பிறகு விடுங்கள். அடுத்த தை மாதத்துக்குள் பிடித்து முடியுங்கள். பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் மாசியில் கனமழை ஓய்ந்ததும் விட்டு, ஆடியிலிருந்து பிடித்துக் குறைத்து, ஆவணிக்குள் முடியுங்கள். கணக்கு ஒன்றுதான்: தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் மாதத்தில் குளத்தில் மீன் மிகக் குறைவாக இருக்க வேண்டும். மழை பிந்தினால் நீங்களும் பிந்துங்கள். மாதத்தைப் பார்த்து விடாமல் பீலியைப் பார்த்து விடுங்கள்.

காலம் குறுகியதால் குஞ்சு பெரிதாக இருக்க வேண்டும். விரல் நீளத்துக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். திலாப்பியா என்றால் ஆண் குஞ்சு மட்டும் கேளுங்கள். சூடான தாழ்நிலத்தில் ஆணும் பெண்ணும் கலந்த குஞ்சு பெருகிக் குளத்தைப் பொடி மீனால் நிரப்பிவிடும்.

சதுர மீற்றருக்கு 2 குஞ்சு, அதாவது நம் குளத்துக்கு 100. பீலி விழாத குளத்துக்கு 50. "இவ்வளவு பெரிய குளத்துக்கு நூறா?" என்று எல்லோரும் கேட்பார்கள். உயரம் கூடக்கூடத் தண்ணீர் பிடிக்கிற ஒட்சிசன் குறையும். கடல் மட்டத்தில் 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் பிடிக்கும். ஹட்டன் உயரத்தில் அது 8க்கும் கீழே. 100இல் 80 பிழைத்து, ஒவ்வொன்றும் கால் கிலோ வந்தால் 20 கிலோ. ஐந்து குடும்பத்தின் சட்டிக்கு அது நல்ல உதவி. இதைவிடப் பெரிய கனவைக் காட்டி யாராவது குஞ்சு விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

குஞ்சுக்கு நக்டா என்று நாம் சொல்கிற தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் விரிவாக்கல் உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நுவரெலியாவிலும் அவர்களுக்கு நிலையம் உண்டு. குளிர் நீரில் வளர்ந்த குஞ்சு கிடைத்தால் அதற்கே முதலிடம்.

8. குஞ்சை இறக்கும் நாள்

தாழ்நிலத்துக் குஞ்சு 28 பாகைத் தண்ணீர் உள்ள பையில் ஏறுகிறது, நம் குளம் 20 பாகை. பையை இருபது நிமிடம் மிதக்க விட்டு அவிழ்ப்பது கீழ்நாட்டுக்குச் சரியாக இருக்கலாம், இங்கே போதாது. முதல் மூன்று நாள் சாவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

மத்தியானம் 12 முதல் 2 மணிக்குள் வந்து சேரும்படி வண்டியை ஒழுங்கு செய்யுங்கள்; குளம் அப்போதுதான் சூடாக இருக்கும். பையை நிழலில் மிதக்க விடுங்கள். அரை மணி கழித்து வாயைத் திறந்து, ஒரு கோப்பை குளத்துத் தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பை. பைக்குள் வெப்பமானியைப் போட்டுப் பாருங்கள். குளத்துக்கும் பைக்கும் 1 பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கும்வரை அவசரப்படாதீர்கள். இரண்டு மணி நேரம் ஆகும். அப்புறம் பையைச் சாய்த்துப் பிடியுங்கள், குஞ்சு தானாக நீந்தி வெளியே வரட்டும். அன்றைக்குத் தீனி வேண்டாம்.

9. தீனி: காலையில் போடாதீர்கள்

வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில் தீனி போட்டுவிட்டுப் போவது நம் பழக்கம். மீனுக்கு அதுதான் ஆகாத நேரம். இரவு முழுவதும் பாசியும் மூச்சு விடுவதால் விடியும்போது ஒட்சிசன் மிகக் குறைவு, தண்ணீரும் மிகக் குளிர். போட்ட தீனி அடியில் போய் அழுகும். வீட்டிலிருக்கிற, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். 11 மணிக்கு ஒரு தரம், 3 மணிக்கு ஒரு தரம்.

தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை போதும். தண்ணீர் 25 பாகை என்றால் மீன்களின் மொத்த எடையில் 2 முதல் 3 சதவீதம். 20 என்றால் 1 சதவீதம். 50 கிராம் மீன் 100 இருந்தால் மொத்தம் 5 கிலோ, அதில் 2 சதவீதம் 100 கிராம்தான். கால் மணி நேரத்தில் தின்று முடிக்காத தீனி மறுநாள் குறைய வேண்டும்.

10. மருந்து அடிக்கும் நாட்கள்

மழை மாதங்களில் கொழுந்தில் கொப்புள நோய்க்குச் செப்பு கலந்த மருந்து அடிப்பார்கள். செப்பு மீனுக்கு நஞ்சு. அதுவும் நம் மென்மையான தண்ணீரில் இன்னும் கடுமை. மரக்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்து அதைவிட மோசம். எந்த மலைக்கு எந்த நாள் அடிக்கிறார்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வைத்து, அன்று காலையே தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள். அடித்த பின் முதல் மழை கழுவிக்கொண்டு போகும்வரை திறக்க வேண்டாம்.

காற்றில் வருகிற மருந்தைவிட, அடித்து முடித்து ஓடையில் டாங்கி கழுவுகிற தண்ணீர்தான் குளங்களை அழித்திருக்கிறது. கழுவுகிற தம்பிமாரிடம் நேரில் போய் மரியாதையாகச் சொல்லுங்கள், கழுவ வேறு இடம் காட்டுங்கள். சொன்னால் கேட்கிறவர்கள்தான்.

11. மூன்று அவசரங்கள்

பனிமூட்டம். நாலைந்து நாள் வெயிலே இல்லாமல் மூடிக் கிடந்தால் பாசி ஒட்சிசன் தராது. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "அண்ணே, மீன் மேலே வந்து விளையாடுது" என்று பிள்ளைகள் சந்தோஷமாக வந்து சொல்வார்கள். அது விளையாட்டில்லை, மூச்சுத் திணறல். தீனியை நிறுத்துங்கள். பீலித் தண்ணீரை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து, ஓட்டை போட்ட தகரத்தில் விழவைத்துச் சிதறச் செய்யுங்கள். தண்ணீர் துளியாகச் சிதறினால்தான் காற்றைப் பிடிக்கும். மின்சாரம் வேண்டாம், நம் மலையின் சரிவே இந்த வேலையைச் செய்து தருகிறது.

அடைமழை. எச்சரிக்கை வந்த உடனே, மழைக்கு முன்பே, குளத்தை 30 சென்ரிமீற்றர் இறக்குங்கள். வரும் வழியை அடையுங்கள், வலைக்கூட்டைத் துடையுங்கள், கானைப் பாருங்கள். மழைமானியில் ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் சரிவின் பக்கம் போகாதீர்கள். வீட்டை விட்டுப் போகச் சொன்னால் போய்விடுங்கள். மீனைப் பார்க்கத் திரும்பி வராதீர்கள். குளம் போனால் வெட்டிக்கொள்ளலாம்.

வறட்சி. கட்டில் ஒரு கோல் நட்டு, முழு மட்டத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் கீழே சிவப்புக் கோடு போடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் பெரிய மீனில் பாதியைப் பிடித்துவிட வேண்டும். "இன்னும் ரெண்டு கிழமை வளரட்டும்" என்று காத்திருந்தவர்கள் செத்த மீனைத்தான் அள்ளினார்கள். ஆழப் பக்கத்தின் மேல் கிடுகோ வலையோ போட்டு நிழல் கொடுங்கள். ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து போடாதீர்கள். பிறகு அதை எடுக்க முடியாது.

எந்த அவசரத்திலும் மீனை ஓடையில் திறந்துவிட வேண்டாம். இந்த ஓடைகளில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத சின்ன மீன்கள் வாழ்கின்றன. நாம் விடுகிற மீன் அவற்றின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

12. நீர்த்தேக்கத்தில் வலை போடுகிறவர்களுக்கு

காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை போன்ற இடங்களில் மட்டம் மின் உற்பத்திக்காக ஏறி இறங்கும். வறட்சியில் தண்ணீர் வேகமாக இறங்கி மீன் ஒரே இடத்தில் நெருங்கும்போது வலை கனக்கும். அந்த மாதத்தில் எல்லாவற்றையும் அள்ளினால் அடுத்த வருடத்துக்குத் தாய்மீன் இருக்காது. திலாப்பியா ஓரத்து ஆழமில்லாத இடத்தில்தான் குழி பறித்து முட்டையிடும். மட்டம் இறங்கினால் அந்தக் குழிகள் வெளியே தெரியும். அந்த ஓரங்களைச் சங்கமாகப் பேசி விட்டுவையுங்கள். அனுமதித்த கண் அளவுக்குக் குறைந்த வலையை யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குஞ்சு விடுவதைத் தேக்கம் திரும்ப நிறையத் தொடங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

13. பிடித்தலும் அடுத்த சுற்றுக்கு முன்னும்

பிடிக்கும் நாளைச் சம்பளக் கிழமையில், 10ஆம் திகதியை ஒட்டி வையுங்கள். அப்போதுதான் கையில் காசு இருக்கும், கடனுக்குப் போகாது. சேற்று வாடை வருகிறது என்று சொல்லித்தான் நம் ஆட்கள் குளத்து மீனைத் தள்ளுகிறார்கள். பிடித்த மீனைத் தீனி இல்லாமல் இரண்டு மூன்று நாள், ஓடும் பீலித் தண்ணீர் உள்ள தொட்டியில் விட்டு வைத்தால் அந்த வாடை பெரிதும் குறையும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடிக்காமல் பெரியதை முதலில் எடுங்கள், மிச்சம் வளரும்.

கடைசி மீன் போனதும் குளத்தை வற்றவிட்டு, அடிச் சேற்றை அள்ளி மரக்கறிப் பாத்திக்குப் போடுங்கள். அடி வெடிக்கும்வரை காயட்டும். நோயும் ஒளிந்திருக்கும் பொடி மீனும் போய்விடும். கட்டில் நண்டும் எலியும் போட்ட ஓட்டைகளை இப்போதே அடையுங்கள், வழிவாயின் புல்லைத் திரும்பப் பதியுங்கள். பிறகு கொப்பியை எடுத்து, பீலி எந்த நாளில் வற்றியது, எந்த மழையில் மட்டம் எவ்வளவு ஏறியது, எந்தக் கிழமை மீன் தீனியை விட்டது என்று ஐந்து குடும்பமும் உட்கார்ந்து பாருங்கள். குஞ்சு எத்தனை, எந்த மாதம் என்பதை அந்தப் பக்கங்களைப் பார்த்து முடிவு செய்த பிறகே விரிவாக்கல் உத்தியோகத்தருக்கு அழைப்பு எடுங்கள்.